குடிநீர் தந்த கோமான்

"பத்திரிகை சுதந்திரத்துக்கு நான் எதிரியா தம்பி? நல்லா எழுதுங்க. அச்சடிக்காதீங்க, அவ்ளோதான்."

சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார் கவுன்சிலர் சக்கரபாணி. எதிரே நின்ற கார்முகில், விருத்தாசலத்தில் வாரப் பத்திரிகை நடத்துகிறவன். அவன் கொண்டுவந்திருந்த செய்தி இதுதான்: இலங்கைத் தமிழர் முகாமில் நாலு மாதமாகக் குடிநீர் இல்லை. முகாமுக்கென்று வந்த பைப், கவுன்சிலரின் மச்சான் போட்ட மனைப்பிரிவில் புதைந்து கிடக்கிறது.

"அண்ணே, அங்க அறுபது குடும்பம் இருக்குது. பொம்பளைங்க குடத்தோட ரயில்வே லைனைத் தாண்டிப் போறாங்க. போன வாரம் ஒரு அம்மா விழுந்து கால ஒடச்சிக்கிட்டாங்க."

"பாவந்தான். ஆனா உங்க பிரஸ்ஸு இருக்கிறது எங்க மாமனாரு வூடு. அதையும் கொஞ்சம் நெனச்சிப் பாருங்க."

கார்முகில் நினைத்துப் பார்த்தான். செய்தி வரவில்லை. பூனைக்கு மணி கட்ட வந்தவன் கழுத்திலேயே மணியைக் கட்டி அனுப்பிய நிம்மதியில் கவுன்சிலர் நன்றாகத் தூங்கினார்.

அடுத்த வாரம் பாலக்கரையில் இருபது அடி உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் முளைத்தது. சக்கரபாணி கும்பிட்டபடி சிரிக்க, பின்னால் அருவி கொட்டியது. 'இலங்கைத் தமிழர் முகாமுக்குக் குடிநீர் தந்த கோமானே! வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்!'

தராத தண்ணீருக்கு எதற்கு நன்றி என்று ஒரு கணம் திகைத்தார்தான். ஆனால் படத்தில் பத்து வயது குறைந்திருந்தது. கழற்றச் சொல்ல மனம் வருமா? கட்சிப் பையன்கள் ஆர்வக்கோளாறில் வைத்திருப்பார்கள் என்று முடிவு செய்து, தானே படமெடுத்து எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார்.

மூன்றாம் நாள் கலெக்டரிடமிருந்து போன் வந்தது.

"ரொம்ப நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க சார். வெள்ளிக்கிழமை டிவிக்காரங்களோட வந்து பாக்குறேன்."

கவுன்சிலர் போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டார். இல்லை என்றால் ஊரே சிரிக்கும். ஆமாம் என்றால் பைப் வேண்டும். மச்சான் கத்தக் கத்த ஜேசிபியை விட்டு மனைப்பிரிவைத் தோண்டினார். இரண்டே நாளில் பைப் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை குழாயில் தண்ணீர் பாய்ந்தது. கலெக்டர் கைகுலுக்க, டிவி படம்பிடிக்க, தான் நிஜமாகவே நல்லவன்தானோ என்று சக்கரபாணிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும், பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்குச் சாயம் பூசும் யோகராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முகாமிலேயே முதல் குடம் பிடித்தவள் அவள்தான்.

"கால் முறிஞ்சது என்ர அம்மாவுக்குத்தான் ஐயா. இனி அவ தண்ணிக்கு நடக்கத் தேவையில்ல. உள்ள வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

உருகிப்போனார் கவுன்சிலர். குனிந்து உள்ளே நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

தரையில் உட்கார்ந்து, ஒரு புது ஃப்ளெக்ஸின் ஓரத்தில் கயிறு கோத்துக்கொண்டிருந்தான் கார்முகில்.

"வாங்கண்ணே. ஒரு கை புடிங்க, தூக்கிக் கட்டிடலாம்."

விரித்துக் கிடந்த பேனரிலிருந்து சக்கரபாணி சக்கரபாணியையே கும்பிட்டுக்கொண்டிருந்தார்: 'முகாமுக்குக் கழிப்பறை கட்டித் தந்த கருணைக் கடலே!'