ஏழாம் நம்பர் கட்டம்

ஓவன் திறக்க இன்னும் ஆறு நிமிடம்.

முகமூடிக்குள் இசைவாணியின் தாடையில் ஒரு பரு குறுகுறுவென்று அரித்தது. சொறியக் கூடாது. சொறிந்தால் பத்துப் பேரின் கண்ணும் அந்தக் கைக்கே வரும்.

ஏற்கெனவே அவள் மேல்தான் இருந்தன.

ஒரகடம் கார் தொழிற்சாலையின் பெயிண்ட் ஷாப்பில் நேற்றிலிருந்து கார்களுக்கும் பரு. பளபளவென்று வெளியே வர வேண்டிய, என்ஜினை மூடும் பானட்டுகளில் கடுகு கடுகாகக் குழிகள். நேற்று நான்கு பானட். இன்று மதியத்துக்குள் ஒன்பது.

காரணம் எல்லோருக்கும் தெரியும். யாரோ எதையோ முகத்தில் பூசிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறார்கள். க்ரீமில் இருக்கும் சிலிக்கோன் ஒரு விரல் நுனி அளவு பட்டால் போதும், பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகி ஓடும். அதனால்தான் இங்கே பவுடர் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது, சென்ட் கூடாது. சேர்ந்த முதல் நாளே கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

இசைவாணிக்கு எண்ணெய் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை.

"உன் மூஞ்சில அப்பளமே பொரிக்கலாம்டி" என்பாள், ஒரே அறையில் தங்கி, இதே லைனில் வேலை செய்யும் அமலா.

பற்பசை, வேப்பிலை, முல்தானி மிட்டி, தோலையே உரித்துவிட்ட ஒரு சீரம். ஒவ்வொன்றும் ஒரு வாரம் ஆசை காட்டிவிட்டு, மறுவாரம் புதிதாக நாலு பருவைத் தந்துவிட்டுப் போனது.

போன மாதம்தான் சிங்கப்பெருமாள் கோவில் கடையில் அந்த நீல ட்யூப் கிடைத்தது. மேலே 'ஆயில் ஃப்ரீ' என்று கொட்டை எழுத்து. எண்ணெயே இல்லாத க்ரீமுக்குத் தடை எதற்கு என்று அவளாகவே ஒரு நியாயம் கட்டிக்கொண்டாள். இருபதே நாளில் கன்னம் அடங்கியது. கண்ணாடி முன் நின்று பல் தேய்க்கும் தைரியம் வந்தது.

அறையில் வைத்தால் அமலா தீர்த்துவிடுவாள் என்று பையிலேயே வைத்திருந்ததுதான் வினை. புதன்கிழமை வாசலில் பை சோதனை. சூப்பர்வைசர் ஸ்ரீதர் அந்த ட்யூபை எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டினார்.

"இன்னாமா இது? ட்ரெய்னிங் முடிய இன்னும் ரெண்டு நாள்தான் கீது. பர்மனென்ட் ஆவணுமா, வாணாமா?"

பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதோடு விட்டார்.

குங்குமச் சிமிழில் அவள் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருந்தது அவருக்குத் தெரியாது. நேற்று இரவும் பூசினாள்.

இன்று அந்த இரண்டு நாள் முடிகிறது. அவளை நிரந்தரமாக்கும் காகிதம், ஸ்ரீதரின் கண்ணாடி அறை மேசையில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.

நான்கு நிமிடம்.

சோதனை எளிது. ஓர் இரும்புத் தகட்டில் பன்னிரண்டு கட்டம். ஆளுக்கொரு துணி. முகத்தைத் துடைத்து, அதே துணியால் தன் கட்டத்தைத் துடைக்க வேண்டும். மேலே பெயிண்ட் அடித்து ஓவனில் வைத்தால், குற்றவாளியின் கட்டத்தில் மட்டும் குழி விழும்.

அவள் கட்டம் ஏழு. துடைக்கும்போது எல்லோரும் அவள் கையையே பார்த்தார்கள்.

லைனில் பதினோரு பேர்தான். பன்னிரண்டாவது கட்டம் சும்மா கிடந்தது. எல்லப்பன்தான் வாயைத் திறந்தார். லைனுக்கே மூத்தவர்.

"சார், நீங்களும்தான் வெறுங்கையால பானட்ட தடவித் தடவிப் பாக்குறீங்க. நீங்களும் ஒண்ணு தொடச்சிடுங்க. எங்களுக்கும் ஆறுதலா இருக்கும்ல?"

சிரிப்பு கிளம்பியது. ஸ்ரீதரின் சிரிப்பு மட்டும் கொஞ்சம் தாமதித்து வந்தது. பழைய பருக்கள் மேடும் பள்ளமுமாக்கிவிட்டுப் போன கன்னத்தைத் துணியால் லேசாக ஒற்றி, அந்தப் பன்னிரண்டாவது கட்டத்தைத் துடைத்தார்.

"ஞாயித்துக்கெழம குன்றத்தூர்ல பொண்ணு பாக்கப் போறாராம்" என்று அமலா காதில் கிசுகிசுத்தாள். "இன்னும் அழுத்தித் தொடைக்கச் சொல்லுடி."

இசைவாணிக்குச் சிரிப்பு வரவில்லை.

மணி அடித்தது.

ஸ்ரீதர் கண்ணாடி அறையில் போனில் இருந்தார். மறுமுனையில் மேனேஜர் போலும், நின்றுகொண்டே பேசினார். ஓவனுக்குப் பக்கத்தில் நின்றது அவள்தான். எடுத்து வா என்று கையால் சைகை காட்டினார்.

கையுறையோடு தகட்டை உருவினாள். சூடு உள்ளே இறங்கியது.

ஏழைப் பார்க்க மனம் வரவில்லை. ஒன்றிலிருந்து தொடங்கினாள். வழுவழு. இரண்டு, மூன்று. அமலாவின் ஐந்து. ஆறு.

ஏழு.

மேலே எரிந்த ட்யூப்லைட் அதில் வளையாமல் தெரிந்தது. ஒரு புள்ளி இல்லை.

இழுத்துப் பிடித்திருந்த மூச்சு முகமூடியைப் புடைத்துக்கொண்டு வெளியே வந்தது. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. எல்லாம் கண்ணாடி.

அவள் கண் இன்னும் ஒரு கட்டம் நகர்ந்தது.

பன்னிரண்டில் கடுகு கடுகாகக் குழிகள்.

பின்னாலிருந்து அமலா, "இன்னாடி ஆச்சு?" என்றாள். இசைவாணி தகட்டை மார்போடு திருப்பிப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஸ்ரீதர் போனைப் பொத்திக்கொண்டார். "மேனேஜர் லைன்ல கீறாரு. எந்த நம்பர்?"

அவள் மேசையில் தன் பெயர் எழுதியிருந்த காகிதத்தின் பக்கத்தில், தகட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"சார்" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"அது ராத்திரிக்கு மட்டும்தான் பூசணும். காலைல சோப்பு போட்டுக் கழுவிடணும்."