மாசக் கடைசி

“பில் புரோகிராமுக்கு ரெண்டு மாசமா? இந்த மாசக் கடைசிக்குள்ள முடிச்சுக் குடு,” என்றார் மேனேஜர்.

“முடியாது சார். பில் போடுறது, கடைகள்ல இருந்து சரக்கைத் திருப்பி எடுக்கிறதுன்னு எல்லாமே எழுதணும்,” என்றான் புரோகிராமர்.

“முடியாதுங்கிற பேச்சே எனக்கு ஆகாது. நான் சேல்ஸ்ல இருந்து வந்தவன். ஒரு மாசம்கூட டார்கெட் தவறினதில்ல.”

“தெரியும் சார்,” என்றவன் சட்டென்று தலையாட்டினான். “சரி, உங்க வழியிலயே முடிச்சிடறேன்.”

மேனேஜருக்கு உறுத்தியது. மல்லுக்கு நிற்பான் என்று பார்த்தால் இவ்வளவு சுலபமாக மசிகிறானே! அன்றிலிருந்து அடிக்கடி அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். சாயங்காலம் ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். ரெண்டு மாசம் என்று நம்மிடமே கதை விட்டிருக்கிறான், திருட்டுப் பயல்!

மாசக் கடைசியில் புரோகிராம் தயார். மேனேஜரே உட்கார்ந்து ஒரு பில் போட்டார். அழகாக வந்தது. சந்தேகம் தீராமல், சரக்கைத் திருப்பி எடுக்கும் பட்டனையும் அழுத்தினார்.

‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்றது திரை.

“என்னய்யா இது, ஏமாத்து வேலை?”

“உங்க வழிதான் சார். மாசக் கடைசியில கடைகள்ல சரக்கை இறக்கி டார்கெட்டை முடிப்பீங்க. அடுத்த மாசம் சத்தமில்லாம திருப்பி எடுத்துக்குவீங்க.”

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். “யார் சொன்னது?”

“யாராவது சொல்லணுமா சார்? எங்க அப்பா கடை வச்சிருந்தார். மாசக் கடைசி வந்தா, உங்க பெட்டிகளை அடுக்குறதுக்காக என் கட்டிலைத் தூக்கி வெளியில போட்டுடுவார்.”