ஒரு தடவை கத்திய பாக்கெட்

மாவுப் பாக்கெட்டை மூன்றாவது தடவையாக பெல்ட்டில் ஓடவிட்ட சூப்பர்வைசர் மதிவாணன், பாஸ் என்று சொல்லி அதைப் பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டிக்குள் போட்டான்.

முதல் தடவை மெட்டல் டிடெக்டர் கத்தியது. அடுத்த இரண்டு தடவையும் கத்தவில்லை. தேர்தல் மாதிரி பாக்கெட் ஜெயித்துவிட்டது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருந்த அந்தக் கம்பெனியில் கைக்குழந்தைகளுக்கான சத்துமாவு அடைக்கிறார்கள். மாவில் துளி இரும்பு கிடந்தாலும் டிடெக்டர் கத்த வேண்டும். கத்திய பாக்கெட்டைக் கிழித்து, சலித்து, கிடப்பதை எடுக்க வேண்டும் என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது. சுவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். வாசலில் லாரி வந்து நின்றுவிட்டால் மதிவாணன் வைத்ததுதான் சட்டம்.

பெட்டிக்கு டேப் ஒட்டி, மற்ற பெட்டிகளோடு சேர்த்து அடுக்கினார்கள். எந்தப் பெட்டி என்று இனி ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

லோடு ஏற்றுகிறவர்கள் முதல் பெட்டிக்குக் குனிந்தபோது, கன்னியம்மா வந்து அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

மாவு மூட்டையை அவிழ்த்து மெஷினில் கொட்டுவது அவள் வேலை. சேர்ந்த நாளிலிருந்து யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

“கத்துச்சு இல்ல சார்? எல்லாப் பொட்டியும் பிரிச்சி திரும்ப ஓட்டாம, ஒண்ணு கூட லாரி ஏறாது.”

மதிவாணன் முதலில் சிரித்தான். பிறகு கெஞ்சினான். பிறகு, நாளைக்கே உன் இடத்துக்கு ஆள் வரும் என்று கத்தினான். பெண்பிள்ளையைக் கையைப் பிடித்து இழுக்கவும் முடியாது. லோடு ஆட்களுக்கு இது போதாதா, நிழல் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள். லாரி டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

கன்னியம்மாவுக்குப் பயமில்லாமல் இல்லை. ஆனால் கண்ணை மூடினால், எந்த ஊர் எந்த வீடு என்று தெரியாத ஒரு குழந்தை ஸ்பூனுக்கு வாயைத் திறந்தது. அதைப் பார்த்த பிறகு எப்படி இறங்குவது?

இறங்கவில்லை.

கடைசியில் மதிவாணன் பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டிகளைப் பிரிக்கச் சொன்னான். ஒவ்வொரு பாக்கெட்டாக பெல்ட்டில் போனது. ஒன்றுகூடக் கத்தவில்லை. அவன் முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது.

திருப்பிப் போட்டு ஓட்டச் சொன்னாள் கன்னியம்மா. மெல்லிய இரும்பு ஒரு வாக்கில் போனால் டிடெக்டருக்குத் தப்பிவிடும், திருப்பினால் மாட்டும்.

இவளுக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர்களே முணுமுணுத்தார்கள். நேராகப் போன பாக்கெட்டுகள் இப்போது குறுக்காகப் போயின. பாதி முடிந்திருக்கும். டிடெக்டர் கத்தியது.

அவளே கத்திரிக்கோலை எடுத்து வெட்டி, மாவைச் சல்லடையில் கொட்டித் தட்டினாள். மாவெல்லாம் இறங்கிய பிறகு, வாய் திறந்த ஒரு சேஃப்டி பின் சல்லடையில் கிடந்தது.

எல்லோரும் சல்லடையைச் சுற்றிக் கூடினார்கள். மதிவாணனுக்குத் தெம்பு வந்துவிட்டது. தன் தப்பை மறைக்க இன்னொருத்தர் தப்பு கிடைத்துவிட்டதே!

வளையல், தோடு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் வாசலிலேயே கழற்றிவிட்டு வர வேண்டும். பெண்களைச் சோதிக்க ஆள் போடவில்லை. ஒன்றும் இல்லை என்று வாயால் சொன்னால் போதும். ஆனால் மீறி எடுத்து வந்தது தெரிந்தால் அன்றோடு வேலை போய்விடும்.

அவன் கண் வரிசையாக எல்லோர் மேலும் ஓடி, புதிதாகச் சேர்ந்திருந்த ஏஞ்சலின் என்ற பெண்ணின் மேல் நின்றது. பாவம், அவன் பார்த்த பார்வையிலேயே அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். அழுகிறவள்தானே குற்றவாளி? கம்பெனிக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போ என்றான்.

முதல் பொத்தானில் கை வைத்தாள் ஏஞ்சலின்.

கன்னியம்மா அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். சல்லடையிலிருந்து பின்னை எடுத்து மதிவாணன் உள்ளங்கையில் வைத்தாள்.

“அவ இன்னாத்துக்கு சார் கழட்டணும்? நான் போறேன். கோட்டு மட்டும் நாளைக்குக் குடுத்தனுப்பறேன். காலைல ரயில் நெரிசல்ல ஜாக்கெட் ஹூக்கு பிச்சிக்கிச்சு, இந்தப் பின்னுதான் புடிச்சிகினு இருந்துச்சு.”