நிரந்தரம்

மாலை வெயில் கணினித் திரையில் விழுந்து கண்ணைக் கூசுகிறது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, பதினோரு வருடம் தான் நடத்திய கடையின் இணைய முகவரியை அண்ணன் கடை முகவரிக்குத் திருப்பிவிடும் வரியைத் தங்கை அடிக்கிறாள். அப்பா போனபின் இரண்டு கடையும் ஒன்றாகிவிட்டன. யானை வாயில் போன கரும்புதான். முதுகுக்குப் பின்னால் அண்ணனின் சாவிக்கொத்து குலுங்குகிறது. “நிரந்தரமாத்தானே மாத்துற?” தற்காலிகமாகத் திருப்பிவிடும் எண்ணான 302-ஐத்தான் அந்த வரியில் போட்டிருந்தாள். கடைசி இலக்கத்தை அழித்து, இரண்டை ஒன்றாக்குகிறாள்; 301 என்றால் நிரந்தரம். “இப்ப உன் கடைப் பேரை அடி, பாப்போம்.” அடிக்கிறாள். கண் இமைப்பதற்குள் அவள் கடையின் பெயர் போய் அவன் கடையின் பெயர் வந்து நிற்கிறது. “பாத்தியா? உன்னைத் தேடி வர்றவங்க ஒருத்தரும் வழி தவற மாட்டாங்க” என்று தலையில் செல்லமாகத் தட்டிவிட்டுப் போகிறான். செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் திருப்பிவிடும் அந்த வரியை அழிக்கிறாள், தன் தளத்தின் சர்வரை மறுபடி ஓடவிடுகிறாள், தன் முகவரியை ஒவ்வோர் எழுத்தாக அடிக்கிறாள். அண்ணன் கடைதான் வருகிறது. நிரந்தரம் என்று ஒருமுறை கேட்டதைப் பிரவுசர் மனதில் வாங்கிக்கொண்டுவிட்டது. இனி அவள் சர்வரை அது ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. வீட்டில் அம்மாவும் இப்படித்தான். அண்ணன் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.