அறிவுக்கடலின் சவால்

"இந்த ஆள் எந்த ஊர்ல இருந்து எழுதுறான்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க மரியதாஸ். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றான் புருஷோத்தமன். எடைமேடையில் நாள் முழுக்க உப்பு லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த கோபம் அவனிடம் இன்னும் மிச்சமிருந்தது.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய அந்த பிரவுசிங் சென்டரின் சொந்தக்காரர் மரியதாஸ், கம்ப்யூட்டரைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். ஆள் அமெரிக்காவில்கூட இருக்கலாம், அவ்வளவு தூரம் போய் அடிப்பது சிரமம் என்றார்.

விவகாரம் இதுதான். புருஷோத்தமனின் அம்மா வேலம்மாள் முப்பது வருஷம் உப்பளத்தில் உப்பு வாரியவள். வெள்ளைப் பாத்தியில் பட்டுத் தெறிக்கும் வெயில் வலது கண்ணை எப்போதோ வாங்கிக்கொண்டது. இப்போது இடது கண்ணிலும் பால் ஊற்றினாற்போல் ஆகியிருந்தது. கருவிழியை மாற்றினால் பார்வை வரும் என்று திண்டிவனத்து டாக்டர் சொன்னார். காசில்லாதவர்களுக்கு அதை எங்கே மாற்றுவார்கள் என்று கேட்டபோது அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

புருஷோத்தமனின் மனைவி சத்யப்ரியா, மரியதாஸின் கடையில் காலை நேரத்தில் மனுக்களும் பயோடேட்டாவும் டைப் அடித்துத் தருகிறவள். இன்டர்நெட்டில் ஒரு தமிழ்க் குழுமம் இருந்தது. உலகத் தமிழர்களின் துயர் துடைக்கவே அது பிறந்ததாக அதன் முகப்பிலேயே எழுதியிருந்தார்கள். அதை நம்பி, மாமியாரின் கண்ணைப் பற்றி விவரமாக எழுதி, யாராவது வழி சொல்லுங்கள் என்று பணிவாகக் கேட்டிருந்தாள்.

பத்தொன்பது நாளில் ஒரே ஒரு பதில் வந்தது. 'அருமையான பதிவு. தொடர்ந்து எழுதுங்கள்.' தொடர்ந்து எழுத அவளுக்கு இன்னொரு மாமியார் இல்லை.

இருபதாம் நாள்தான் 'அறிவுக்கடல்' என்ற பெயரில் ஒருவன் முளைத்தான். 'உப்பளத்துக்காரர்கள் கறுப்புக் கண்ணாடி போட மாட்டார்கள். தாங்களே கண்ணைக் கெடுத்துக்கொண்டு, பிறகு ஊரிடம் கையேந்துவார்கள். இந்தக் கூட்டத்துக்கு இலவசமாகக் கருவிழி மாற்ற ஓர் ஆஸ்பத்திரியும் கிடையாது. இருந்தால் முகவரியோடு காட்டுங்கள் பார்ப்போம்' என்று எழுதியிருந்தான்.

அவ்வளவுதான். பத்தொன்பது நாளாகத் தூங்கிய உலகத் தமிழர்கள் ஒருசேர எழுந்துகொண்டார்கள்.

துபாயிலிருந்த, பக்கத்து ஊரான கூனிமேட்டைச் சேர்ந்த ஒருவர் அறிவுக்கடலின் வம்சத்தையே இழுத்தார். சிங்கப்பூர்க்காரர் ஒருவர் அவன் எழுத்தில் மூன்று சந்திப்பிழைகளைக் கண்டுபிடித்தார். அதில் ஒன்று பிழையே இல்லை என்று இன்னொருவர் கிளம்ப, அந்தச் சண்டை தனியாக இரண்டு நாள் ஓடியது. திட்டோடு திட்டாக, இலவசமாகக் கருவிழி மாற்றும் ஆஸ்பத்திரிகளின் முகவரியும் போன் நம்பரும் வந்து விழுந்தன. மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று பதில்கள். அவற்றில் இருபத்திரண்டு, ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டிய புருஷோத்தமனுடையவை.

சத்யப்ரியா மட்டும் ஒரு வார்த்தை திட்டவில்லை. கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள். பெத்த தாயைப் பேசுறான், உனக்கு ரோஷமே வரலியா என்று அவன் கேட்டதற்கு, அந்த ஆஸ்பத்திரி போன் நம்பர் மேலே ஓடிவிட்டது, கொஞ்சம் கீழே இறக்குங்கள் என்றாள்.

சண்டை சற்றே ஓயும்போதெல்லாம் அறிவுக்கடல் திரும்ப வந்தான். ஆஸ்பத்திரி இருந்து என்ன, வரிசையில் நின்றே செத்துப்போவார்கள் என்றான். பொய் சொல்லாதே என்று பாய்ந்தார் பாண்டிச்சேரியில் கண்தானச் சேவை செய்யும் ஓர் அம்மாள். எந்தக் கிழமை போக வேண்டும், என்னென்ன தாள் வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் வரிசையாக எழுதி, 'அந்தத் தாயை நாளைக்கே என்னிடம் அனுப்புங்கள். இவன் முகத்தில் கரி பூசுகிறேன்' என்று முடித்திருந்தார்.

அனுப்பினார்கள். ஏழாவது வாரம் கருவிழி கிடைத்தது. ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் போனபின், ஒருநாள் காலையில் வேலம்மாள் மகனை நிற்க வைத்து உற்றுப் பார்த்தாள். "டேய், உனக்கு எப்படா இவ்ளோ நரைச்சுது?" என்றாள். புருஷோத்தமன் கொல்லைப்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

அன்றைக்கே குழுமத்தில் ஒரு நன்றிக் கடிதம் போட்டான். அம்மாவுக்குக் கண் தெரிகிறது, உங்கள் எல்லோருக்கும் நன்றி என்று கண்ணீர் வரும்படி எழுதியிருந்தான். பதினோரு நாள் தொடர்ந்து போய்ப் பார்த்தான். ஒரு பதில்கூட இல்லை. உலகத் தமிழர்கள் அப்போது வேறொருவனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் மனசு விட்டுப்போய் வீட்டுக்கு வந்தான். சத்யப்ரியா மாமியாரின் தலையை மடியில் வைத்துக் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்ல சேதி சொன்னா ஒருத்தன் திரும்பிப் பாக்கலை ப்ரியா. அந்த அறிவுக்கடல் நாயாவது வந்து ஏதாவது கத்துவான்னு பாத்தேன். அவனையும் காணோம்."

அவள் அடுத்த சொட்டைக் கவனமாக விட்டாள்.

"அத்தைக்கு மருந்து போடவே எனக்கு நேரம் சரியா இருக்குது. இதுல அங்க வேற வந்து எப்படிங்க திட்டுவேன்?"