பகல் சாப்பாட்டு மணி

ஆம்பூர்த் தோல் கிடங்கில் பகல் சாப்பாட்டு மணி அடிப்பவர் ஆதிகேசவன். மணி கேட்காமல் சுண்ணாம்புக் குழியிலிருந்து யாரும் ஏறக்கூடாது. கப்பலுக்குத் தோல் போகவேண்டுமென்று மேஸ்திரி சொன்னதால், போன மாதம் ஒருநாள் அரைமணி பிந்தி அடித்தார். அதற்குள் அந்தோணி குழியிலேயே மயங்கி விழுந்து இறந்திருந்தான்.

இப்போது மணியடித்தால் பதினோரு பேர் ஏறுகிறார்கள். சாப்பாட்டுக் கொட்டகை வரை பன்னிரண்டு பேரின் வெள்ளைக் காலடிகள் பதிகின்றன.

"இன்னாண்ணே, இப்பல்லாம் முன்னாடியே அடிக்கிறே?" என்று குழியிலிருந்து ஏறிவந்த துரைசாமி சிரித்தான்.

கூழ் ஊற்றிக்கொண்டிருந்த அந்தோணியின் மனைவி சவுரியம்மாள் நிமிர்ந்தாள்.

"அன்னிக்கும் நேரத்துக்குத்தானே அடிச்சீங்க?"

"நேரத்துக்குத்தாம்மா."

ஆதிகேசவன் தலைகுனிந்தார். பன்னிரண்டாவது தடம் இன்று கொட்டகைக்குள் போகவில்லை. அவருடைய பாதங்களுக்கு எதிரே, விரலோடு விரல் தொடும்படி நின்றிருந்தது. சுண்ணாம்பு இன்னும் காயவில்லை.