அக்காவின் பிரெஞ்சு

நீலகிரி மலையின் ஜெகதளாவில் மத்தியானமே மூடுபனி ஜன்னலை மறைத்துவிட்டது. தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டுகிறது. கலைமதி மடிக்கணினி முன் விரல்களை இறுக்கிக் கோத்தபடி உட்கார்ந்திருக்கிறாள். பாரிஸ் ஓட்டல் ஒன்றின் வரவேற்பாளர் வேலைக்கு நேர்காணல் நடக்கிறது. மார்செய் நகரில் வாழும் அக்காவிடம் போனில் பேசிப் பேசியே பிரெஞ்சு கற்றவள் அவள். "எங்க மார்செய் ஊரு பேச்சு இழுப்பு மட்டும் வந்துறக்கூடாது கண்ணு. பாரிஸ்காரங்க மட்டமா நெனைப்பாங்க" என்று அக்கா காலையில்கூடச் சொன்னாள். மூன்றாவது பதிலிலேயே சொல்லின் கடைசி இழுபட்டுவிடுகிறது. திரையில் தெரியும் பெண் அதிகாரி பேனாவைக் கீழே வைக்கிறார். "யாரிடம் கற்றீர்கள்?" கலைமதி கோத்த விரல்களைப் பிரிக்கிறாள். "அக்காவிடம். மார்செயில் இருக்கிறாள்." அதிகாரி திரும்பி, தன் அறைக்கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு குரலைத் தாழ்த்தி, அக்காவின் அதே இழுப்பில் சொல்கிறார்: "நானும் அந்த ஊர்தான். இங்கே யாருக்கும் தெரியாது."